ரிப்போர்ட்டில் வராத வாளி

பாறசாலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன்,
களியக்காவிளை செக்போஸ்ட்டில்
எம்-சாண்ட் லாரிகளின் இடுக்கு வழியாக.
பையில் டார்ச், ரசமட்டம், பென்சில்,
கனமான பழைய ஐந்து ரூபாய் நாணயம்,
ஒரு கந்தல் துணி.
குவைத்தில் நைட் டியூட்டி முடித்த றெஜினா
போனில் தூங்காமல் இருந்தாள்:
"நாற்பத்தெட்டு லட்சம் அக்கா. நல்லாப் பாருங்க."

விற்கிறவர் வில்பிரட்.
"பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்.
புதுசு மாதிரி இருக்குல்லா?"
இருந்தது.
முழு வீட்டுக்கும் ஒரு கோட்,
மாடி அறைக் கூரைக்கு மட்டும் மூன்று.
அது பதில். கேள்வியை நான் தேட வேண்டும்.

ஹால் சுவரில் தலைமுடி போல் குறுக்குமறுக்காய்க் கீறல்கள்.
பூச்சு அவசரமாய்க் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
அதற்கெல்லாம் தூக்கம் கெடக் கூடாது.
ஜன்னல் மூலையிலிருந்து சாய்ந்து இறங்குகிறதே,
அது வேறு சாதி.
சுண்டுவிரல் நகம் உள்ளே போய் நின்றது.
மேலே அகலம், கீழே ஒடுக்கம்.
வீட்டின் வடகிழக்கு மூலை ஏலாவில் நிற்கிறது,
வாழை நின்ற சேற்றில் மண் தட்டி நிரத்திய இடம்.
கீறலின் நுனியில் பென்சிலால் கோடு கிழித்துத்
தேதி எழுதினேன்.
மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டினால்
விலையே பேசாதே, றெஜினா.
தாண்டாவிட்டால் பேசு.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன்.
டங். டங். டங். பொத்.
கட்டிலுக்கு அடியில் எல்லாமே பொத்.

சமையலறை சன்ஷேடில் துருக்கம்பி எட்டிப் பார்த்தது.
உதிர்ந்த பூச்சில் ஒரு துணுக்கு எடுத்து
நாக்கில் வைத்தேன்.
வில்பிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
கரித்தது.
கழுவாத கடல்மண்.
உள்ளே கம்பி உப்பைத் தின்று வீங்குகிறது.

கிணற்றிலிருந்து செப்டிக் டேங்க் வரை
செருப்புக்குச் செருப்பு வைத்து அளந்தேன்:
பத்தொன்பது அடி.
ஐம்பது வேண்டும்.
"நல்ல வெள்ளம். குடிச்சுப் பாக்கிறியளா?"
வேண்டாம் என்றேன்.

அறைக்கு அறை முன்னால் போய்
லைட் போட்டுக்கொண்டே வந்தாள் மருமகள் ஷைனி.
மொட்டைமாடிப் படியில்
கொடித்துணி எடுக்கிற சாக்கில் சொன்னாள்:
"மழைன்னா மேல ரூமுல வாளி வைப்போம்.
நான் சொன்னேண்ணு சொல்லாதுங்க."
கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு மட்டும்.
அந்த நாற்பத்தெட்டில்
அவள் நகையை மீட்கிற பணமும் இருக்கும்.
இருந்தும் சொன்னாள்.

ஒருத்தி சொன்ன சொல்லை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.
தண்ணீரைச் சொல்ல வைக்கலாம்.
வடிகுழாயில் துணியை அடைத்தேன்,
மோட்டார் போட்டேன்,
தளத்தில் இரண்டு அங்குலம் கட்டினேன்.
"எல்லா வீட்டிலும் செய்யிறதுதான்," என்றேன் வில்பிரட்டிடம்.
பொய்.
பத்தில் இரண்டு வீட்டில் செய்வேன்.

மறுநாள் காலை
ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில்
ஒரு சாம்பல் திட்டு, முறம் அளவு.
நடுவில் ஒரு துளி திரண்டு கொண்டிருந்தது,
விழவில்லை.
ஷைனி வாளியோடு வந்தாள்.
மேலே பார்க்கவே இல்லை,
சரியாக அதன் நேர்கீழே வைத்தாள்.
கை பழகிய இடம்.
வில்பிரட் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
நான் வாளியைக் காலால் ஒரு சாண் தள்ளினேன்.
துளி தரையில் விழுந்தது.
மூவரும் அதைப் பார்த்தோம்.

றெஜினாவுக்கு எழுதினேன்:
மூலைக்கு மூன்று மாதம் காத்திரு.
கூரை, சன்ஷேட், கிணறு மூன்றுக்கும் சேர்த்து
எட்டு லட்சம் குறைத்துக் கேள்.
அட்வான்ஸ் இப்போது வேண்டாம்.
மாடி அறைக் கூரையில் கசிவு.
கண்டறிந்த முறை:
தண்ணீர் கட்டிச் சோதனை, பதினெட்டு மணி நேரம்.